ஃபெவிகால் போட்ட கட்டுமரம்

ஒரு வேலையை நன்றாகச் செய்து முடித்துவிட்டோம் என்கிற திமிர் இருக்கிறதே, அது எனக்குச் சரியாகப் பத்து நிமிடம் நீடித்தது. பழைய வேட்டியில் சுற்றி, முதுகுப்பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பெரம்பூரிலிருந்து வேளச்சேரி வரை பைக்கில் கொண்டுபோய் நண்பன் வீட்டு டிவி மேசைமேல் அந்தக் கட்டுமரத்தை வைத்தேன். இரண்டடி நீளம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் கொடுத்து, புதுக் கயிறு சுற்றி, பழுப்புத் துணியில் சின்னதாக ஒரு பாய்கூடத் தைத்திருந்தேன். நண்பன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான், போட்டோ எடுத்தான், "டேய், நைனா செஞ்சப்பகூட இவ்ளோ நல்லா இல்லடா" என்றான். அப்போது அவன் அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முன்பக்கக் கயிற்றை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. இத எப்டிப்பா அவுக்கறது?" என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, "அவுக்கவே முடியாதும்மா, அவ்வளவு ஸ்ட்ராங்கு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் "ஓ" என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார். அந்த "ஓ" ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் சாப்பிடும்போது பல்லில் மாட்டிய முள் மாதிரி, நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் மிதந்தது

நண்பனின் அப்பா மீனவர். நொச்சிக்குப்பம். அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவருக்குக் காலில் அடிபட்டு இரண்டு மாதம் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தாராம். சும்மா உட்காரத் தெரியாத மனிதர், பழைய கட்டுமரத்திலிருந்து கழித்துப்போட்ட துண்டுகளை எடுத்துச் செதுக்கி இதைச் செய்திருக்கிறார். விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ இல்லை. ஹவுசிங் போர்டு வீட்டில் பீரோமேல் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த வீட்டில் இதற்கு ஒன்றும் ஆகவில்லை. நைனா போன பிறகு, நண்பன் வங்கிக் கடன் வாங்கி வேளச்சேரியில் தரைத்தளத்தில் வீடு பிடித்து அம்மாவையும் கட்டுமரத்தையும் கூட்டிக்கொண்டு போனான். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

அன்றைக்கு அவர்கள் மாடி வீட்டுக்காரர்களிடம் ஏறிப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபோது அவன் டார்ச் அடித்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறான். பிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது, சோபா உப்பிப்போயிருந்தது, ஹாலில் ஏதோ ஒன்று இருட்டில் சுவரில் போய் டக் டக் என்று முட்டிக்கொண்டிருந்தது. கட்டுமரம்! வீட்டில் இருந்த பொருளிலேயே மூழ்காதது அது ஒன்றுதான். முழுகாது, முழுக முடியாது. கட்டுமரம் குழிவான படகு இல்லையே, தண்ணீர் உள்ளே வந்து நிரம்புவதற்கு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஏறிய தண்ணீர் அதே வழியாக இறங்கிவிடும். ஆனால் கயிறு முப்பது வருடத்துக் கயிறு. அது இற்றுப்போய் கட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து, ஒன்று ஹாலில், ஒன்று படுக்கையறையில், இன்னொன்று பாத்ரூம் வாசலில். பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு வைத்தான். நாலு கட்டை, உடைந்த துடுப்பு ஒன்று, சாக்கடைச் சேறு ஏறிய துணி. அந்த வாளிதான் ஜனவரியில் என்னிடம் வந்தது.

என்னிடம் ஏன் என்றால், நான்தான் எங்கள் கூட்டத்தில் மரவேலை தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன். வாங்கிய பெயரில் பாதி என் அப்பாவுடையது. அவர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்தார். ரயில் பெட்டிக்குள் மரம் ஏராளமாக இருந்த காலம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் தெருக்காரர்களின் நாற்காலி, ஊஞ்சல், பூஜைப் பெட்டி என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். எனக்கு உளி பிடிக்கத் தெரியும், இழைப்புளி தள்ளத் தெரியும், அவ்வளவுதான். மீதி எல்லாம் யூடியூப். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு அப்பா பொறுப்பில்லை.

வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். கட்டைகளைக் கழுவி, வெயிலில் போட்டால் வெடித்துவிடும் என்று நிழலிலேயே வைத்து, ஐந்து வாரம் காயவிட்டேன். தொடுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. வெறும் கயிற்றில் கட்டினால் எத்தனை நாள் நிற்கும்? இன்னொரு வெள்ளம் வந்தால்? சரி, கட்டைகளைப் பக்கம் பக்கமாக இழைத்துப் பொருத்தி, மூங்கில் ஆணி இறக்கி, ஃபெவிகால் போட்டு, கிளாம்ப் மாட்டி இறுக்கினேன். கட்டைகளின் பின்முனையில் அடிப்பக்கமாக எலி கடித்த மாதிரிச் சில கீறல்கள் இருந்தன. மரத்தூளையும் பசையையும் குழைத்து அவற்றை அடைத்து, மட்டமாகத் தேய்த்துவிட்டேன். கடைசியில் அழகுக்கு மேலே கயிறு சுற்றி, முடிச்சில் ஒரு சொட்டுப் பசை. கையில் எடுத்து ஆட்டினால் ஒரு சத்தம் இல்லை. பாறை மாதிரி இருந்தது.

எண்ணத் தெரிந்த எலி

கொடுத்துவிட்டு வந்த அடுத்த சனிக்கிழமை ராத்திரி, படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தேன். பழைய நிலை, புதிய நிலை என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கள் பள்ளி நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டுப் பாராட்டு வாங்குகிற திட்டம். நாலு கட்டையும் குப்புறக் கிடக்கிற படம் ஒன்றைப் பெரிதாக்கினேன். எலி கடித்த இடம் அசிங்கமாகத் தெரிகிறதா, அதை வெட்டிவிடலாமா என்று பார்க்கத்தான்.

முதல் கட்டையில் ஒரு கீறல். அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் நாலு. கடைசியில் ஐந்து.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கீறல்கள் எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு, உளியின் ஒரே முனையால் போட்டவை. இதை நான் பார்த்திருக்கிறேன், வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன்! அப்பா ஒரு நாற்காலியைப் பிரிப்பதற்கு முன் முதலில் செய்கிற வேலை இதுதான். காலுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து உளியால் ஒரு வெட்டு, அடுத்த மூலையில் இரண்டு வெட்டு, அடுத்ததில் மூன்று. திரும்பப் பூட்டும்போது எது எங்கே போகும் என்று தெரிய வேண்டாமா. பிரிக்கிற எண்ணம் உள்ளவன்தான் அடையாளம் போடுவான். நண்பனின் நைனா அதைத்தான் செய்திருக்கிறார், நான் அதை மரத்தூள் வைத்து அடைத்துவிட்டேன். இத எப்டிப்பா அவுக்கறது என்று அந்த அம்மா கேட்டது என்னை மடக்குவதற்காக இல்லை. அவருக்கு உண்மையாகவே பதில் தேவைப்பட்டிருக்கிறது.

ஏன் அவிழ்க்க வேண்டும் என்பது மெரினாவில் கொஞ்சம் பழைய காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும், பார்த்திருக்கிறேன், ஆனால் கையில் ஃபெவிகால் டப்பா இருக்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கடலுக்குப் போய்வந்த கட்டுமரத்தைக் கரையில் ஏற்றியதும் கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். ஊறிய மரம் கனம். கட்டைகளைத் தனித்தனியாக மணலில் பரத்தி வெயில் காட்டினால்தான் அது மறுபடி மிதக்கிற மரமாகும். மறுநாள் திரும்பக் கட்டிக்கொண்டு போவார்கள். அதாவது கட்டுமரம் என்பது பாதி நாள் படகு, பாதி நாள் விறகு மாதிரிக் கிடக்கும் சில கட்டைகள். பெயரிலேயே இருக்கிறது, கட்டு மரம். 1697-இல் வெளிவந்த தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையில் இதன் பெயர் கட்டமரான் என்று எழுதிவைக்கப்போய், அந்தப் பெயர் இன்றைக்கு உலகம் முழுக்க இரட்டை உடல் வைத்த சொகுசுப் படகுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் படகை யாரும் சாயங்காலம் அவிழ்த்து வெயிலில் போடுவதில்லை. வெள்ளைக்காரன் கட்டுவதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டான் என்று நான் இளக்காரமாகப் பேசியதுண்டு. இப்போது அதே வேலையை நான் பெரம்பூரில் உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு அந்த ராத்திரியில் தூக்கிவாரிப் போட்டது அது இல்லை. ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து. மூன்று எங்கே?

விடியும்வரை காத்திருந்து ஏழு மணிக்கு நண்பனுக்குப் போன் போட்டேன். "எத்தன கட்டைடா இருந்துச்சு அதுல?" "நாலுதானே குடுத்தேன்." "நீ குடுத்தது நாலு. இருந்தது எத்தன?" அவன் யோசித்தான். பீரோமேல் இருபது வருடம், டிவி மேசையில் ஆறு வருடம் பார்த்த பொருள், எண்ணியதில்லை. நாம் யார்தான் எண்ணுகிறோம். பின்னாலிருந்து அவன் அம்மா குரல் கேட்டது, "அஞ்சு." யோசிக்கவே இல்லை அவர். அப்புறம் போனை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நடுமரம் காணோமேன்னு நா அன்னிக்கே கேக்கலாம்னுதாம்ப்பா இருந்தேன். நீ அவ்ளோ கஸ்டப்பட்டு செஞ்சி எடுத்தாந்துகிற, மனசு நோவுமேன்னு வுட்டுட்டேன்."

வாசல் கதவைத் திறந்தபோது வெளியே மிதந்து போயிருக்கும். வேளச்சேரித் தண்ணீர் வடிந்தால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், அதைத் தாண்டினால் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இத்தனை பாலத்தையும் ஆகாயத்தாமரையையும் குப்பையையும் தாண்டி ஒரு கட்டை கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும். யாராவது அடுப்பில் வைத்திருப்பார்கள், அல்லது மாநகராட்சி லாரியில் ஈர மெத்தைகளோடு போயிருக்கும். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருமுனைக் காலி மனையில் போய்ப் புல்லை விலக்கித் தேடினேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

வஜ்ஜிரமும் வஞ்சிரமும்

நண்பன் விட்டுவிடச் சொன்னான். கோபம் எல்லாம் இல்லை, அவனுக்கு நிஜமாகவே ஒட்டியிருப்பதுதான் பிடித்திருந்தது. "ஒட்டியே கெடக்கட்டும்டா. கயித்த நம்பித்தான் ஒரு கட்ட போச்சு. அடுத்த வெள்ளத்துல இது ஒரே துண்டா மிதக்கும், நான் எடுத்துக்குவேன்." இதற்கு எனக்குப் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. இனி இதைக் கடலுக்குக் கொண்டுபோகப் போவது யார்? இதற்கு நடக்கக்கூடியதெல்லாம் தரைத்தள வீட்டில் இன்னொரு மழை. அதற்கு ஃபெவிகால்தான் சரி. அவன் அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க இஸ்டம்ப்பா" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கயிற்றை நகத்தால் நெம்பினார். நான் அதை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே அப்பாவின் பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வஜ்ஜிரம். மீன் இல்லை, அது வஞ்சிரம். சின்ன வயதில் எனக்கு இரண்டும் குழம்பும், இன்றைக்கு வஜ்ஜிரம் காய்ச்சுகிறார்கள் என்றால் சாப்பிடலாம் என்று ஓடிவந்து நாற்றத்தில் திரும்பி ஓடுவேன். மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கிற பசை அது. கட்டியாக விற்கும், ஊறவைத்துச் சூடாக்கிப் பூச வேண்டும், வீடு முழுக்க நாறும். ஃபெவிகால் 1959-இலேயே வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ரொம்ப நாளைக்கு அந்தத் தகர டப்பா அடுப்பில் இருந்தது. ஏன் இந்தக் கருமத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று அம்மா கேட்டால் அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வெந்நீர் ஊற்றினால் விட்டுவிடும். தாத்தா காலத்து நாற்காலி ஆட ஆரம்பித்தால் உடைக்க வேண்டாம், இணைப்பில் சூடான ஈரத்துணியைச் சுற்றிவைத்தால் பசை இளகி மரம் பழுதில்லாமல் கழன்று வரும், மறுபடி பூசிப் பூட்டலாம். அருங்காட்சியகங்களில் பழைய பொருட்களைச் செப்பனிடுகிறவர்களும் இதையேதான் கடைப்பிடிக்கிறார்கள், நீ செய்ததை உனக்கு அடுத்து வருகிறவன் கழற்ற முடிய வேண்டும் என்று. அவர்கள் அதற்கு ரசாயனம் எல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். அப்பாவுக்குத் தகர டப்பா போதுமாயிருந்தது.

நல்ல வேளை, நான் அரால்டைட் என்கிற எபாக்சிப் பசையைப் போடவில்லை. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை கொஞ்சம் மனது வைக்கும். கெட்டிலில் வெந்நீர், பழைய பனியன் துணி, வினிகர். இணைப்பின் மேல் சூடான துணியைப் போட்டு அரைமணி நேரம், எடுத்துவிட்டு வினிகர், மறுபடி துணி. பசை வெண்மையாக ஊறி வரும்போது, காசிமேட்டில் வாங்கிய தூண்டில் நரம்பை இடுக்கில் விட்டு ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ஒரு மாலைக்கு ஒரு விரல் அகலம் நகரும். இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. மனைவி வினிகர் நாற்றத்துக்கு வஜ்ஜிரமே தேவலை என்று சொல்லியிருப்பாள், அவள் அதை முகர்ந்ததில்லை. மூங்கில் ஆணிகளைத் துளைபோட்டுத்தான் எடுக்க முடிந்தது. ஆறு ஆணி, பன்னிரண்டு ஓட்டை, எல்லாம் நைனா செதுக்கிய மரத்தில், நான் போட்டவை. இரண்டாம் எண் கட்டையில் நார் பிய்ந்து ஒரு விரல் நீளத்துக்குச் சிராய் எழும்பிவிட்டது. கீறல்களில் அடைத்ததை மட்டும் ஊசி முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். பன்னிரண்டும் திரும்பக் கிடைத்தன, ஆனால் ஓரம் கொஞ்சம் மழுங்கிவிட்டது.

அந்த இருபது நாளில் யோசிக்க நேரம் இருந்தது. இந்தக் கரையில் ஆணிக்கும் பசைக்கும் எப்போதுமே மரியாதை இருந்ததில்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும், ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலாப் படகு. அதில் ஓர் ஆணி கிடையாது, பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்தது. மெட்ராஸ் அலை தூக்கிப் போடும்போது ஆணி அடித்த படகு விறைத்து நின்று பிளந்துவிடும், தைத்தது நெளிந்து கொடுக்கும். தபாலை ஓலைக் குல்லாய்க்குள் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போனவர்கள் கட்டுமரக்காரர்கள். கல்லும் காரையுமாகக் கட்டிய துறைமுகத்தை 1881-இல் ஒரு புயல் வந்து உடைத்துப் போட்டது. கட்டுமரக்காரர்கள் அதற்கு மறுவாரமும் கடலுக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதை வைத்து, கயிறுதான் உசத்தி என்று முடிவு கட்டிவிட முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரம் அருகிப்போயிற்று, ஃபைபரில் ஏறிப் போகிறவர்களுக்கு என்னைப் போலப் பழசின்மேல் ஏக்கம் ஒன்றும் இல்லை. மோட்டார் இருக்கிறது, தூரமாகப் போகலாம், தினம் கட்டி அவிழ்க்க வேண்டாம்.

நடுமரம்

மூன்றாம் கட்டைக்கு மரம் தேடிச் சூளைப் பக்கம் மரக்கடைகளில் அலைந்தேன். தேக்கு, வேங்கை, படாக் என்று எடுத்துப் போட்டார்கள். எல்லாம் கனம். கனம் இல்லாத மரம் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். கடைசியில் ஒருவர் மலைவேம்புத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். ஒட்டுப்பலகைக்காக இப்போது நம் ஊர் விவசாயிகள் காடு காடாக நட்டுவைத்திருக்கிறார்களே, அதுதான். அதே மரத்தில் முன்பு கட்டுமரமும் செய்ததுண்டு. காசு வாங்கிக்கொள்ளவில்லை. செதுக்கி எடுத்துக்கொண்டு, நாலு பழைய கட்டையோடு நொச்சிக்குப்பத்தில் நண்பனின் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

பெரியப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். பிள்ளைகள் ஃபைபரில் போகிறார்கள். வேட்டியைப் பிரித்துக் காட்டியதும் முதலில் ஓட்டைகளைத்தான் பார்த்தார். "இன்னா தம்பி, பூச்சி அரிச்சிச்சா?" "இல்ல பெரியப்பா, நான்தான் ஆணி எறக்கினேன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. கீறலை விரலால் தடவி, ஒன்று இரண்டு என்று வரிசையாக வைத்தார். என் புது மரத்தை நடுவில் வைத்துப் பார்த்து, "அடில எறங்கி ஒக்காரணும் இது. ஒசரமா நிக்குது பாரு. நடுமரம் எறங்கனாத்தான் ரெண்டு பக்கமும் ஏறி வரும், ஆளு உள்ள ஒக்கார முடியும்" என்றார். நான் கொண்டுபோயிருந்த உளியை வாங்கி அவரே நாலு சீவு சீவினார். ஒவ்வொரு சீவலும் வெற்றிலைக் காம்பு மாதிரி சுருண்டு விழுந்தது.

கட்டுவதைச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். சொல்லவில்லை, கட்டினார். முன்பக்கம் குறுக்கே ஒரு சின்னக் கட்டை, அதன் மேலேறிக் கீழிறங்கி ஒவ்வொரு கட்டையையும் பிடித்துக்கொண்டு போகிற கயிறு, பின்பக்கமும் அதே மாதிரி. பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் போனில் வீடியோ எடுத்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் முதுகுதான் தெரிகிறது. கட்டி முடித்துப் பக்கத்து வாசலில் தண்ணீரோடு இருந்த மீன் ஐஸ் பெட்டியில் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கையில் கொடுத்தார். உலர்ந்திருந்தபோது லேசாக ஆடிய கட்டு, விரல் நுழைய முடியாமல் இறுகியிருந்தது. நூல் கயிறு நனைந்தால் ஊதும், நீளம் குறையும், பிடி இறுகும். இருபது நாளாக நான் தண்ணீரை வைத்து என் பசையை இளக்கிக்கொண்டிருந்தேன், அவர் அதே தண்ணீரில் போட்டுக் கயிற்றுக் கட்டு இறுகும்படி செய்துவிட்டார்.

புது மரத்துக்குச் சாயம் போடவில்லை. நாலு கறுத்த கட்டைக்கு நடுவே வெளுப்பாக, நாமம் போட்ட மாதிரித் தெரிகிறது. நண்பனுக்கு அது பிடிக்கவில்லை, கொஞ்சம் டீ டிகாஷனாவது பூசக் கூடாதா என்று கேட்டான். பூசவில்லை. அதன் பின்முனையில் மூன்று கீறல் போட வேண்டும், அதற்கு மட்டும் எனக்குக் கை வரவில்லை. உளியை வைத்து வைத்து எடுத்துவிட்டேன். நீயே போடு என்று அவனிடம் விட்டேன். அவன் காய் நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாக மூன்று கோடு கிழித்தான். மற்ற பன்னிரண்டோடு வைத்துப் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பையன் கையெழுத்து. இந்த முறை எலி என்றே யாரும் நினைப்பார்கள்.

அவன் அம்மா அன்றைக்கு ஊரில் இல்லை, கல்யாணத்துக்குப் போயிருந்தார். டிவி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன புதன்கிழமை இரவு பத்து மணிக்கு நண்பன் போன் செய்தான். "டேய், அம்மா அவுத்துட்டாங்கடா." பின்னால் டிவி சத்தம். "அஞ்சு கட்டையும் பால்கனில கெடக்குது, காலைலேர்ந்து வெயில் காட்டிருக்காங்க. இப்ப யாரு கட்றது?" வீடியோ இருக்கிறது என்றேன், முதுகு வீடியோ. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வரப் பார்க்கிறேன் என்றேன். சரி, வரும்போது கயிறு வாங்கிக்கொண்டு வா என்றான். இருந்த கயிற்றை அம்மா மணிபிளாண்ட் தொட்டிக்குக் கட்டிவிட்டாராம்.